படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை: வயதானவர் விழாமலிருக்க எதை முதலில் மாற்றுவது?

காவிரிக்கரை

அம்மாவுக்கு 76 வயது. திருச்சியில் 1994-ல் கட்டிய வீடு. கைத்தடி இல்லாமல் நடக்கிறார். இரவில் இரண்டு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். கட்டிலிலிருந்து பாத்ரூம் 18 அடி, நடுவில் ஹால். பாத்ரூம் 7 அடிக்கு 4 அடி. வெஸ்டர்ன் டாய்லெட்டும் குளிக்கும் இடமும் ஒன்றாக இருக்கிறது. தரை பளபளப்பான டைல்ஸ், ஹாலைவிட 2 இஞ்ச் பள்ளம். கதவு உள்பக்கம் திறக்கும். போர் தண்ணீர்.

மாத்திரைகள்: பிபிக்கு அம்லோடிபின் 5 மி.கி., சர்க்கரைக்கு கிளிமிபிரைடு 1 மி.கி., இரவில் தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5 மி.கி. இதுவரை விழவில்லை. இரண்டு முறை தடுமாறிச் சுவரைப் பிடித்திருக்கிறார். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. டைல்ஸை உடைத்துவிட்டு ஆன்டி ஸ்கிட் டைல்ஸ் போடலாமா?

இயன்முறை_தஞ்சை

இப்போதைக்கு டைல்ஸில் கை வைக்காதீர்கள். உடைத்துப் போடும் வேலையிலேயே மொத்தப் பணமும் போய்விடும். அந்த ஒரு வாரமும் அம்மா எந்த பாத்ரூமுக்குப் போவார்?

இன்று இரவு அம்மா வழக்கமாக எழும் நேரத்தில், விளக்கு எதுவும் போடாமல் அந்த 18 அடியை நீங்கள் நடந்து பாருங்கள். கட்டிலை ஒட்டிக் கிடக்கும் செருப்பு, செல்போன் சார்ஜர் வயர், ஹாலில் டீப்பாய் முனை, பாத்ரூம் வாசலில் சுருண்ட கால்மிதி, அதைத் தாண்டியதும் 2 இஞ்ச் பள்ளம். தடுமாற வைக்கும் இடங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் இருக்கும். கால்மிதியை எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் அடியில் ரப்பர் உள்ளதை மட்டும் போடுங்கள். துணிக் கால்மிதி நனைந்தால் டைல்ஸ் மேல் சறுக்கும்.

அடுத்து கட்டில். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட வேண்டும். தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து, மெத்தையோடு சேர்த்துக் கட்டில் உயரம் அதற்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கட்டிலில் புதிதாக 8 இஞ்ச் மெத்தை போட்ட வீடுகளில் கால் தொங்கும்; இறங்கும்போது விரல் நுனிதான் முதலில் தரையைத் தொடும். ரொம்பத் தாழ்வாக இருந்தாலும் கெடுதல்தான், எழும்ப இரண்டு மூன்று முறை உந்த வேண்டியிருக்கும். பாய் விரித்துத் தரையில் படுக்கும் பழக்கம் இருந்தால் இரவில் மட்டுமாவது கட்டிலுக்கு மாறச் சொல்லுங்கள்.

பாத்ரூமுக்குள் முதல் செலவு கைப்பிடிக் கம்பி. எங்கே, எப்படி என்பதைக் கட்டுமானத்தில் உள்ளவர்கள் சொல்லட்டும்.

கட்டுமானம்_ஈரோடு

சார், கடையில் கிராப் பார் என்று கேளுங்கள். டவல் மாட்டும் ராடைக் காட்டினால் வாங்காதீர்கள். அது ஆள் எடையைத் தாங்காது. 304 கிரேடு ஸ்டெயின்லெஸ், 32 மி.மீ. கனம், ஒவ்வொரு முனைத் தட்டிலும் மூன்று ஸ்குரூ ஓட்டை. 202 கிரேடு போர் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 38 முதல் 40 மி.மீ. இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் விழும்போது முன்கை உள்ளே நழுவி மாட்டிக்கொண்டு எலும்பு முறியும்.

இரண்டு கம்பி வேண்டும். ஒன்று கதவுக்கு உள்ளே, தாழ்ப்பாள் இருக்கும் பக்கத்துச் சுவரில் நெட்டுவாக்கில்: இடுப்பு உயரத்தில் தொடங்கி தோள் வரை, 18 இஞ்ச் நீளம். பள்ளத்தில் கால் வைக்கும்போது பிடிக்க இது. இன்னொன்று டாய்லெட் பக்கத்துச் சுவரில் படுக்கைவாக்கில்: 24 இஞ்ச் நீளம், சீட்டின் மேல்மட்டத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில், சீட்டின் முன் விளிம்பைத் தாண்டி ஓரடி நீள வேண்டும். எழும்போது உடம்பு முன்னால் சாயும் என்பதால் கம்பியும் முன்னால்தான் வேண்டும். ஓட்டை போடும் முன் அம்மாவை உட்கார வைத்து, கை எங்கே இயல்பாகப் போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் தப்பு நடப்பது ஸ்குரூவில்தான். பெட்டியோடு வரும் ஸ்குரூ ஒன்றரை இஞ்ச். டைல்ஸ் 8 மி.மீ., அதன் பின்னால் கலவையும் பூச்சும் சேர்ந்து 25 முதல் 30 மி.மீ. ஆக அந்த ஸ்குரூ பூச்சிலேயே நின்றுவிடும், செங்கலைத் தொடாது. மெதுவாகப் பிடித்தால் தாங்கும், ஆள் விழும் வேகத்தில் இழுத்தால் பூச்சோடு பெயர்ந்து வந்துவிடும். 10 மி.மீ. கனத்தில் 80 அல்லது 100 மி.மீ. நீளமுள்ள நைலான் பிளக் வாங்குங்கள். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட் போட்டு, ஹேமர் இல்லாமல் டைல்ஸை மட்டும் துளையுங்கள். அதன் பிறகு கான்கிரீட் பிட், ஹேமர். செங்கலுக்குள் குறைந்தது 50 மி.மீ. போக வேண்டும். தூள் சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்திலேயே வந்துகொண்டிருந்தால் கலவை இணைப்பில் இறங்குகிறது, அரை இஞ்ச் நகர்த்துங்கள். குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேலே கீழே ஓட்டை போடவே கூடாது, சுவருக்குள் பைப் போகும். ஸ்குரூ முடுக்கும் முன் ஓட்டையில் சிலிக்கான் விடுங்கள்.

உங்கள் பாத்ரூம் சுவர் ஒன்பது இஞ்சா, நாலரை இஞ்சா? அதைப் பொறுத்து முறை மாறும்.

மருதம்

வாடகை வீட்டில் ஓட்டை போட விடமாட்டார்கள். வாக்குவம் கப்போடு ஒட்டும் கைப்பிடி கிடைக்கிறதே, அது போதாதா?

கட்டுமானம்_ஈரோடு

போதாது. ரப்பர் கப் நிற்க வழவழப்பான, இடைவெளி இல்லாத பரப்பு வேண்டும். டைல்ஸ் இணைப்புக் கோடு மேலே வந்தால் காற்று உள்ளே போகும். உப்புத் தண்ணீர் படிந்த சுவரில் சில நாளில் பிடிப்பு போய்விடும், எந்த நாளில் போகும் என்று வெளியே தெரியாது. அதை நம்பி ஒருவர் முழு எடையையும் போடும்போதுதான் கழன்றுவரும்.

வாடகை வீட்டுக்கு டாய்லெட்டைச் சுற்றி நிற்கும் இரும்புச் சட்டம் இருக்கிறது. நான்கு கால், இரண்டு பக்கமும் கை வைக்க இடம், கால்களில் ரப்பர் புஷ், உயரம் கூட்டிக் குறைக்கலாம். மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும்.

முதியோர்_மருத்துவம்

கம்பி அவசியம்தான். ஆனால் அம்மா இரண்டு முறையும் எங்கே தடுமாறினார்? கட்டிலிலிருந்து எழுந்த சில நொடிகளிலா, ஈரத் தரையிலா? இரண்டுக்கும் காரணம் வேறு.

வீட்டு பிபி மெஷினால் இதைச் செய்யுங்கள். அம்மா 5 நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். படுத்தபடியே பிபியும் நாடித்துடிப்பும் எடுங்கள். பிறகு எழுந்து நிற்கட்டும். நின்ற 1-வது நிமிடம் ஒரு முறை, 3-வது நிமிடம் ஒரு முறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். பின்னால் நாற்காலி போட்டு, ஒருவர் பக்கத்தில் நின்றபடி செய்யுங்கள். காலையில் எழுந்தவுடன் எடுத்தால் தெளிவாகத் தெரியும். கிளினிக்கில் உட்கார வைத்து மட்டும் எடுத்தால் இது பிடிபடாது.

மருந்தாளுநர்_நெல்லை

பட்டியலில் அல்பிரசோலம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தூக்கத்துக்குக் கொடுக்கும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகள் முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல் சொல்கிறது. அதன் 2023 பதிப்பிலும் இது இருக்கிறது. வயதானவர் உடம்பில் அதன் வேலை நீடிக்கும். நடு இரவில் எழும் நேரத்தில்தான் கால் பின்னும்.

ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் சாப்பிட்டவர் சட்டென நிறுத்தினால் பதற்றம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் வாரக் கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்.

கடையில் சீட்டில்லாமல் வாங்கும் சளி மாத்திரையையும் பாருங்கள். குளோர்பெனிரமின் கலந்தவை மயக்கம் தரும், அல்பிரசோலத்தோடு சேர்ந்தால் இன்னும் கூடும். இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தடுமாறுகிறார் என்றதும் பலர் தலைசுற்றல் மாத்திரையாக சின்னரிசின் வாங்கிப் போய் மாதக் கணக்கில் கொடுக்கிறார்கள். நீண்ட நாள் கொடுத்தால் கை நடுக்கம், உடல் விறைப்பு, நடை தளர்வு என்று பார்க்கின்சன் போலவே வரும். விழாமலிருக்கக் கொடுத்த மாத்திரையே விழவைக்கும்.

கிளிமிபிரைடு போடுபவர் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால் நடு இரவில் சர்க்கரை இறங்கும். வியர்வை, படபடப்பு, குழப்பத்தோடு எழுந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை நடக்க விடாதீர்கள்.

மின்பணி_ஓசூர்

வெளிச்சத்துக்குப் பெரிய செலவு இல்லை. ஆள் அசைவுக்கு எரியும் எல்ஈடி சென்சார் விளக்கு மூன்று: ஒன்று கட்டிலின் கீழ்ச் சட்டத்தில், ஒன்று ஹாலில், ஒன்று பாத்ரூம் வாசலில். கணுக்கால் உயரத்தில், கீழே பார்த்தபடி ஒட்டுங்கள். கண் உயரத்தில் வைத்தால் கூசும், தரை தெரியாது. பாத்ரூமுக்குள் 5 வாட் பல்பை இரவு முழுக்க எரியவிடுங்கள். 10 மணி நேரம் வீதம் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்தான்.

கீசரையும் பாருங்கள். 60 டிகிரி தண்ணீர் 5 நொடியில் தோலை ஆழமாகச் சுடும். 50 டிகிரிக்குச் சற்றுக் கீழே என்றால் அதே காயத்துக்குச் சில நிமிடம் ஆகும். வயதானவர் தோல் மெல்லியது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவதே தெரியாது. கீசர் டயலில் எண் இல்லாவிட்டால் குழாயில் வரும் நீரைத் தெர்மாமீட்டரால் அளந்து, 50-க்கு மேல் போகாதபடி வையுங்கள். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். இந்த வரிசை மாறவே கூடாது.

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இருக்கிறதா? அதிக லோடு வந்தால் துண்டிக்கும் எம்சிபி இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 100 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் உயிர்க்காப்புக்கு ஆகாது. மாதம் ஒரு முறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், உடனே கரண்ட் துண்டிக்க வேண்டும்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. தடுமாறியது இரண்டு முறையும் கட்டிலை விட்டு எழுந்த உடனே என்று அம்மா சொல்கிறார். நாளை காலை பிபி எடுக்கிறேன். பாத்ரூம் சுவர் நாலரை இஞ்ச், பின்னால் சமையலறை. 2 இஞ்ச் பள்ளத்துக்குச் சரிவு போடலாமா? கதவை என்ன செய்வது?

கட்டுமானம்_ஈரோடு

சரிவு வேண்டாம். 1 இஞ்ச் உயரத்துக்கு 12 இஞ்ச் நீளம் என்ற கணக்கில் 2 இஞ்சுக்கு 24 இஞ்ச் நீளம் வேண்டும். 7 அடி பாத்ரூமில் இரண்டு அடி ஈரச் சரிவு என்றால் அதுவே புதுச் சறுக்கல். பள்ளத்தின் விளிம்பில் 2 இஞ்ச் அகல மஞ்சள் அல்லது கறுப்புப் பட்டை, தரை நிறத்துக்கு நேர் எதிரானதாக ஒட்டுங்கள். கண்புரை உள்ளவருக்கும் விளிம்பு தெரியும். பக்கத்தில் நெட்டுக் கம்பி இருக்கிறது.

நாலரை இஞ்ச் சுவரில் பிளக்கை நம்பாதீர்கள். சமையலறைப் பக்கம் வரை முழுதாகத் துளைத்து, 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட் கொடுத்து, அந்தப் பக்கம் 4 இஞ்ச் சதுர இரும்புத் தகடு வைத்து நட் முடுக்குங்கள். சுவரே தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இறுகிவிடும். ஹாலோ பிளாக் சுவராக இருந்தாலும் இதே முறை பாதுகாப்பானது. எல்லாம் முடிந்ததும் வீட்டிலேயே கனமானவர் கால்களை மடக்கித் தன் எடை முழுவதையும் 10 நொடி போட்டுத் தொங்கிப் பார்க்க வேண்டும். துளிகூட அசையக் கூடாது.

கதவு உள்ளே திறப்பதுதான் பெரிய ஆபத்து. உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடப்பார், தள்ளினால் அவர் மேல் இடிக்கும். பிவிசி கதவென்றால் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைக்கலாம். மர நிலை என்றால், நிலையில் கதவு பொருந்தி நிற்கும் பள்ளத்தைத் தச்சர் வெளிப்பக்கம் மாற்ற வேண்டும். அதுவரை உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து காசால் திருகித் திறக்கும் லாக் போடுங்கள்.

பொருநை

ஆசிட் வைத்து டைல்ஸைச் சொரசொரப்பாக்கித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செய்யலாமா?

கட்டுமானம்_ஈரோடு

அதற்கென்று வரும் ஆன்டி ஸ்கிட் திரவம் வேறு, கடையில் வாங்கும் டாய்லெட் ஆசிட் வேறு. பின்னது இணைப்புச் சிமெண்டை அரித்துவிடும், மினுமினுப்பை மட்டும் எடுக்கும், பிடிப்பு வராது. அதன் மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் மூச்சுத் திணறிவிடும். இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தவே வேண்டாம். ஆசிடையும் பினாயிலையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் இன்றே விடுங்கள்.

பின்னாளில் புது டைல்ஸ் போடும்போது ஆர்11 என்று கேட்டு வாங்குங்கள்; ஆர் எண் வழுக்காத தன்மையின் அளவு, எண் கூடினால் பிடிப்பும் கூடும். ஆர்9 காய்ந்த அறைக்குத்தான். அதுவரை உப்புப் படிவத்தையும் சோப்பு அழுக்கையும் வாரம் இரு முறை பிரஷ் போட்டுத் தேய்த்தாலே வழுக்கல் நிறையக் குறையும்.

செவிலி_மதுரை

குளியலைப் பற்றி யாரும் பேசவில்லை. பக்கெட் தரையில் இருந்தால் ஒவ்வொரு சொம்புக்கும் குனிந்து நிமிர வேண்டும். பிபி இறங்குபவருக்கு அதுவே மயக்கம் தரும். கால்களில் ரப்பர் புஷ்ஷும் உட்காரும் இடத்தில் ஓட்டைகளும் உள்ள ஷவர் நாற்காலி வாங்குங்கள். அதன் பக்கத்தில் ஓரடி உயரத் திண்டு கட்டி அதன் மேல் பக்கெட்டை வைத்தால் உட்கார்ந்தபடியே மோந்து ஊற்றலாம். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே போடாதீர்கள். ஈரத்தில் கால் அகன்றுபோகும், பழையது விரிசல் விட்டுத் திடீரென்று உடையும்.

எண்ணெய்க் குளியல் நாளில் கூடுதல் கவனம் வேண்டும். உள்ளங்காலில் எண்ணெய் வேண்டாம். உட்கார்ந்தபடி தேய்த்துவிட்டு, பாதத்தைத் துணியால் துடைத்த பிறகே நடக்க வேண்டும். சீயக்காய்த் தூளும் எண்ணெயும் கலந்து தரையில் படியும். குளித்து முடிந்ததும் வேறொருவர் சோப்புத் தூளும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து உள்ளே போகிறவருக்கு ஆபத்து.

வாசல் தெளித்துக் கோலம் போடுவதும் அப்படித்தான். ஈரக் கருங்கல் படி, குனிந்த நிலை, சட்டென நிமிர்வது. மோடா போட்டு உட்கார்ந்து போடட்டும்.

இயன்முறை_தஞ்சை

கால் பலத்தையும் அளந்துவிடுங்கள். கைப்பிடியில்லாத நாற்காலி, 17 இஞ்ச் உயரம், சுவரோரம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார்? 75 முதல் 79 வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் கீழே என்றால் விழும் வாய்ப்பு கூடுதல்.

நடைப்பயிற்சி மட்டும் சமநிலையைக் கொண்டுவராது. சமையலறை மேடையைப் பிடித்தபடி குதிகால் தூக்குதல் 10, குதிகாலை ஊன்றிக் கால்விரல் தூக்குதல் 10, காலைப் பக்கவாட்டில் தூக்குதல் ஒவ்வொரு பக்கமும் 10, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து 10 நொடி நிற்பது, நாற்காலியிலிருந்து எழுதல் 5-இல் தொடங்கி 10. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சித் திட்டம் இந்த வகைதான். ஆய்வுகளில் விழுதலை ஏறத்தாழ 35 சதவீதம் குறைத்தது. விட்டுவிட்டால் பலன் போய்விடும்.

மருதம்

இதையெல்லாம் மீறி விழுந்துவிட்டால்?

செவிலி_மதுரை

உடனே தூக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்து இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பேசுகிறாரா, எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். அப்படியே வைத்துப் போர்வை போர்த்தி 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடக் குடிக்க எதுவும் வேண்டாம், அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

வலியில்லை, எல்லாம் அசைகிறது என்றால் அவரே எழட்டும். ஒருக்களித்துத் திரும்பி, கையையும் முழங்காலையும் ஊன்றி, உறுதியான நாற்காலி வரை தவழ்ந்து, அதைப் பிடித்து, பலமான காலை முதலில் ஊன்றி எழுந்து உட்கார வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்றவை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாக இருக்கிறார் என்று விடாதீர்கள். அன்றே சிடி ஸ்கேன். மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக் குழப்பமாகவோ தூக்கக் கலக்கமாகவோ வெளிப்படும்.

காவிரிக்கரை

இன்று காலை எடுத்தது: படுத்து 138/80, நாடி 74. நின்ற 1-வது நிமிடம் 112/68, நாடி 78. 3-வது நிமிடம் 114/70. நாற்காலி 8 முறை.

முதியோர்_மருத்துவம்

மேல் அளவு 26 இறங்கியிருக்கிறது. இவ்வளவு இறங்கியும் நாடி 4 மட்டுமே கூடியிருக்கிறது. சர்க்கரையால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். இந்த எண்களை அப்படியே எழுதி, எல்லா மாத்திரை அட்டைகளோடும் இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் போங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாகக் குறைக்காதீர்கள். ஹீமோகுளோபின், சோடியம், பி12 பார்ப்பார். மாத்திரைகளின் அளவையும் நேரத்தையும் அவர் முடிவு செய்யட்டும்.

அதுவரை ஒரு கமோடு சேர் (உட்காரும் இடத்தின் அடியில் பாத்திரம் உள்ள, கழிப்பறையாகப் பயன்படும் நாற்காலி) வாங்கிக் கட்டிலோரம் போடுங்கள். இரவில் அந்த 18 அடி வேண்டாம். எழுமுன் படுத்தபடியே கணுக்காலை 15 முறை மேலும் கீழும் அசைத்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு கம்பியையோ சேரின் கையையோ பிடித்து எழட்டும். தூங்குவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன் காபி, டீ, அதிகத் தண்ணீர் வேண்டாம். அந்தத் தண்ணீரைப் பகலில் குடித்துவிட வேண்டும், மொத்த அளவைக் குறைத்தால் பிபி இன்னும் இறங்கும்.

காவிரிக்கரை

கமோடு சேர் இன்று மாலை வந்துவிடும். கட்டிலின் எந்தப் பக்கம் போடுவது?

இயன்முறை_தஞ்சை

அம்மா எந்தப் பக்கமாகப் புரண்டு எழுவாரோ அந்தப் பக்கம், கால்மாட்டை நோக்கித் திருப்பி, கட்டிலை ஒட்டி. சக்கரம் உள்ளதென்றால் நான்கையும் பூட்டுங்கள், சேரின் பின்புறம் சுவரில் முட்டட்டும். உட்காரும் இடம் கட்டில் உயரத்துக்குச் சமமாக இருக்கும்படி கால் உயரத்தைச் சரிசெய்யுங்கள். முதல் நாள் பகல் வெளிச்சத்தில் மூன்று முறை உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள்.